உப்புப் பூத்த தொழுவம்

ஆம்பூரை அடுத்து, பாலாற்றுக்குக் கூப்பிடு தொலைவில், என் தாய்மாமனுக்குச் சிறிது நிலமும் அதன் மூலையில் ஒரு மாட்டுத் தொழுவமும் உண்டு. அவ்வூர் வழக்கில் அது மாட்டுக் கொட்டாய். முப்பதடி நீளம், பன்னிரண்டடி அகலம். நான்கு புறமும் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய நாட்டுச் செங்கற்சுவர். மேலே பனங்கைகளின் மீது நாட்டோடு. மாமாவின் தந்தை கட்டியது. அறுபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. ஒன்பது மாடுகள் நின்ற இடத்தில் இன்று நான்கு கறவைகள் நிற்கின்றன. நான்கும் பொய்கைச் சந்தையில் பிடித்து வந்தவை.

சென்ற கோடையில் அந்தத் தொழுவம் வீட்டில் ஒரு வழக்காயிற்று. கிழக்குச் சுவரின் அடிப்பகுதி கை நுழையும் அளவுக்கு அரித்துப் போயிருந்தது. பார்க்க வந்த மேஸ்திரி ஒரே பேச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "செவுரு பூரா உப்பு தின்னுடுச்சுங்க. இனிமே பூசறதெல்லாம் வீண் செலவு. இடிச்சுத் தள்ளிட்டு, பில்லர் எழுப்பித் தளம் போட்டுடலாம்." அத்தைக்கு அதில் உடன்பாடு. மாமாவுக்கு மனம் ஒப்பவில்லை. "கூரை கல்லு மாதிரி நிக்குது. அத எப்படி இடிக்கச் சொல்றீங்க?" என்றார். அன்றிரவே எனக்கு அழைப்பு வந்தது: "மாப்ளே, நீதான் கெமிஸ்ட்ரி வாத்தியார் ஆச்சே. ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போ."

பழைய கட்டடத்தைப் புதுக்குவதா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா என்னும் கேள்வியை நம்மவர் பெரும்பாலும் பணத்தாலோ பாசத்தாலோ அளக்கிறார்கள். மேஸ்திரி பணத்தை முன்னிறுத்தினார். மாமா பாசத்தை முன்னிறுத்தினார். சுவரைத் தின்ற உப்பு எது, அது எங்கிருந்து வந்தது, புதுச் சுவரை அது விட்டுவைக்குமா என்று இருவருமே கேட்கவில்லை. தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்த இந்த வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி நிலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்கவோ வைக்கவோ கூடாது என்பது என் கருத்து.

விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை சுவர் கருத்து, தொட்டால் குளிர்ந்து, வேர்த்தாற்போல் இருந்தது. அந்த ஈரத்தின் மேல்விளிம்பு ஏறத்தாழ மூன்றடி உயரத்தில் அலையலையாக ஓர் எல்லைக்கோடு போல ஓடிற்று. அதே சுவரை நண்பகலில் மறுபடி பார்த்தேன். ஈரம் மறைந்து, எல்லைக்கோட்டை ஒட்டிப் பூனைமயிர் போன்ற வெள்ளை இழைகள் முளைத்திருந்தன. ஊதினால் பறந்தன. விரலால் தடவினால் மாவாக வந்தது. அந்த மாவோடு செங்கல்லின் செம்பொடியும் வந்தது. செங்கல்லின் மேற்புறம் இலை இலையாக உரிந்து சுவரடியில் குவிந்து கிடந்தது. அங்கே கட்டியிருந்த சிவலை, நாக்கை நீட்டிச் சுவரை நக்கிக்கொண்டு நின்றது. அதன் நாக்கு எட்டும் இடத்தில் சுவர் கிண்ணம் போலக் குழிந்திருந்தது. மாட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, சுவரில் இருப்பது உப்பென்று.

அந்த வெள்ளை மாவில் ஒரு சிட்டிகையையும் உதிர்ந்த செங்கல் தூளில் ஒரு பிடியையும் தாளில் மடித்து எடுத்துப் போய், பள்ளி ஆய்வகத்தில் வாலைவடிநீரில் கரைத்து வடிகட்டினேன். மேல்நிலை வகுப்பு மாணவர் ஆண்டுதோறும் செய்யும் மூன்று சோதனைகள்தாம். முதற்குழாயில் நைட்ரிக் அமிலத்தோடு வெள்ளி நைட்ரேட்டை ஊற்றியதும் தயிர் திரிந்தாற்போல் வெண்மையான வீழ்படிவு இறங்கிற்று, அது குளோரைடு. இரண்டாம் குழாயில் பேரியம் குளோரைடு விட்டதும் அமிலத்திலும் கரையாத வெள்ளைப் படிவு, அது சல்பேட்டு. மூன்றாம் குழாயில் இரும்பு சல்பேட்டைக் கலந்து, குழாயைச் சாய்த்து, அடர் கந்தக அமிலத்தை ஓரமாக வழியவிட்டேன். இரு நீர்மங்களும் கூடுமிடத்தில் பழுப்பு வளையம் ஒன்று கட்டியது, அது நைட்ரேட்டு. ஒரே சுவரில் மூன்று வகை உப்பு.

முதலாவது நம் அடுப்படியில் இருக்கும் அதே உப்பு. உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க, தோலின் எடையில் 40 முதல் 50 விழுக்காடு வரை உப்பைத் தூவி அடுக்குவார்கள். ஆலைக்குள் வந்ததும் முதல் வேலை அந்த உப்பைக் கழுவி நீக்குவது. ஆலை வெளியேற்றும் உப்பில் பெரும்பங்கு இந்த ஊறல் தொட்டியிலிருந்தே இறங்குகிறது. பின்னொரு கட்டத்தில் கந்தக அமிலமும் உப்பும் கலந்த அமில ஊறல். அதன்பின் குரோமியம் சல்பேட்டுக் கரைசலில் பதனிடல். இரண்டாம் குழாயில் விழுந்த படிவுக்கு இந்த இரு படிகளும் பெரிதும் பொறுப்பு.

முற்காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையில் பதனிட்டார்கள். பட்டைச்சாறு நீரைக் கருக்கும், நாற்றமும் உண்டு, ஆனாலும் அது மட்கிப்போகும் பொருள். 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலை ஊக்குவித்தபின் குரோமியப் பதனிடல் பெருகிற்று. நம் கண்ணும் செய்தித்தாளும் குரோமியத்தின் மீதே நிலைத்துவிட்டன. அதன் ஆறிணைதிறன் வடிவம் கொடியது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆலைக் கழிவில் பெரும்பகுதியாக உள்ள மூவிணைதிறன் குரோமியம் சேற்றோடு ஒட்டித் தங்கிவிடுகிறது. சோடியமும் குளோரைடும் அப்படித் தங்குவதில்லை. எந்த நுண்ணுயிரும் அவற்றைத் தின்று தீர்ப்பதில்லை. நீர் போகுமிடமெல்லாம் கூடவே போகும். மழையும் வெள்ளமும் கடலுக்கு இழுத்துச் சென்றால் ஒழிய நிலத்தை விட்டு அகலா. 348 கிலோமீட்டர் நீளமுள்ள பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கிறது.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் ஆலைக் கழிவு பற்றிய வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் இருந்த அமர்வு வழங்கிய தீர்ப்பில், ஒரு கிலோ முடித்த தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகாததாகிவிட்டது என்றும் பதிவாகியுள்ளது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்த அத்தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறி நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதி செய்தது. 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுப் படுகைக்காக மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க வேண்டியிருந்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே உள்ள ஆண்டுகள் 28. நிலத்தைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் பேசும் நாம், அந்தக் கிணற்று நீர் நம் சுவர்களுக்குள் ஏறி நிற்பதைப் பேசுவதில்லை.

மூன்றாவது உப்புக்கு ஆலையைக் குறை சொல்ல முடியாது. அது மாட்டின் கொடை. மாட்டுச் சிறுநீரில் உள்ள யூரியா தரையில் சிதைந்து அம்மோனியா ஆகிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அது சுண்ணாம்போடு கூடிக் கால்சியம் நைட்ரேட்டாகச் சுவரில் படிகிறது. பழைய தொழுவ மண்ணைக் கரைத்துக் காய்ச்சி வெடியுப்பு எடுப்பது உலகெங்கும் ஒரு தொழிலாக இருந்தது. பீகாரில் நோனியா மக்கள் காய்ச்சிய வெடியுப்பைத்தான் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பாட்னாவிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றார்கள். ஐரோப்பியப் போர்களின் வெடிமருந்தில் நம் நாட்டு மாடுகளுக்கும் பங்கு இருந்திருக்கிறது. இந்த உப்புக்குத் தனிக்குணம் ஒன்றுண்டு. காற்றின் ஈரப்பதம் பாதிக்கு மேல் ஏறினாலே அது காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். விடியலில் சுவர் வேர்த்திருந்ததற்கு இதுவும் காரணம். மழையில்லாத நாளிலும் தொழுவச் சுவர் ஈரமாகவே இருப்பதைக் கண்டு, எங்கோ குழாய் கசிகிறது என்று தரையைத் தோண்டியவர்களை நான் அறிவேன்.

இனி, நிலத்தடியில் உள்ள நீர் மூன்றடி உயரம் எப்படி ஏறிற்று? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத்தான். செங்கல்லும் காரையும் நுண்துளைகளால் ஆனவை. நாட்டுச் செங்கல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரைக் குடிக்க வல்லது. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குழாயில் நீர் ஒன்றரை சென்டிமீட்டர் உயரம் ஏறும். ஆரம் நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கினால் ஒன்றரை மீட்டர் ஏறும். துளை சிறுக்கச் சிறுக்க ஏற்றம் கூடும். அப்படியானால் சுவர் முழுதும் நனைந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். ஏறும் நீர் வழியெல்லாம் காற்றில் ஆவியாகிக்கொண்டே போகிறது. ஏறுவதும் ஆவியாவதும் சமமாகும் உயரத்தில் ஈரம் நின்றுவிடுகிறது. அதுவே நான் கண்ட அலையலையான எல்லைக்கோடு. நீர் ஆவியாகிப் போகிறது. உப்பு போவதற்கு இடமில்லை. ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக அந்த எல்லையில் இறக்கி வைத்துவிட்டுப் போகிறது. அறுபது ஆண்டுகள் இப்படிச் சேர்ந்தால் என்னவாகும்?

சும்மா கிடக்கும் உப்பு சுவரைக் கெடுக்காது. கரைந்தும் உறைந்தும் மாறிக்கொண்டிருக்கும் உப்புதான் கெடுக்கும். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது கரையும், கீழிறங்கும்போது படிகமாகும். படிகம் வளரும்போது துளையின் பக்கங்களை நெருக்கித் தள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இந்த எல்லையை ஈரப்பதம் எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் சுவர் படும் பாடு விளங்கும்.

சோடியம் சல்பேட்டு அதைவிடக் கொடியது. அதற்கு இரு வடிவங்கள். நீரற்ற வடிவம் ஒன்று. பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்ட வடிவம் மற்றொன்று. பின்னது முன்னதைவிட நான்கு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். ஒரு வடிவம் மற்றொன்றாக மாறும் வெப்பநிலை 32.4 பாகை செல்சியசு. இந்த எண்ணைக் கண்டதும் என் பேனா நின்றுவிட்டது. குளிர்நாடுகளில் ஆண்டில் சில நாள் மட்டுமே ஒரு சுவர் இந்த வெப்பநிலையைத் தொடும். வேலூரிலோ சித்திரை வெயில் 40 பாகையைத் தாண்டும். இரவில் 27 வரை இறங்கும். மாசிக் கடைசி முதல் புரட்டாசி வரை ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் சுவர் 32.4 பாகையை ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் கடக்கிறது. மாலையில் சுவர் குளிரத் தொடங்கியதும், துளைகளில் நிற்கும் கரைசலால் அவ்வளவு உப்பைத் தாங்க முடிவதில்லை. நீரைச் சேர்த்துக்கொண்ட பெரும்படிகங்கள் துளைகளுக்குள் முளைத்து, செங்கல்லை உள்ளிருந்தே பிளக்கின்றன. சுவரடியில் இலை இலையாகக் கிடந்த செம்பொடி அந்த மாலைகளின் கணக்கு.

இங்கே ஒரு புதிர் எஞ்சியது. தொழுவத்தின் நான்கு சுவர்களும் ஒரே மண்ணில், ஒரே சூளைச் செங்கல்லில், ஒரே ஆண்டில் எழுந்தவை. கிழக்குச் சுவர் மட்டும் ஏன் இவ்வளவு கெட்டது? மேற்குச் சுவரில் பூச்சு பொரிந்து, பார்க்க அழுக்காக இருந்தாலும், செங்கல் உறுதியாகவே இருந்தது; அரிவாள் முதுகால் தட்டினால் கணீரென்றது. மாமாவைக் கேட்டேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கிழக்குச் சுவருக்கு மட்டும் சிமெண்ட் பூச்சு வைத்தாராம். "காசு பத்தல மாப்ளே, இல்லன்னா நாலு செவுருக்கும் வெச்சிருப்பேன்." காசு பற்றாமல் போனதால் மூன்று சுவர்கள் பிழைத்தன.

சுண்ணாம்புக்கும் சிமெண்ட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகிறது. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 பாகையில் சுட்டால் கரியமில வளி வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. நீர் விட்டு நீற்றி, மணல் சேர்த்துக் காரையாக்கிப் பூசினால், அது காற்றிலிருந்து கரியமில வளியை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மீண்டும் கல்லாகிறது. நம் முன்னோர் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்தது அதன் பிடிப்பைக் கூட்டுவதற்காக. இந்தப் பூச்சு செங்கல்லைவிட மென்மையானது. ஈரத்தை வெளியே விடுவது. ஆகவே உப்பு பூச்சுக்குள் வந்து படிகமாகி, பூச்சைத் தின்னும், செங்கல்லை விட்டுவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூச்சைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூசினால் அதனோடு ஒரு சுமை உப்பும் வெளியேறும். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்த பாட்டிமார் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். சிமெண்ட்டோ கடினமானது, ஈரத்தை எளிதில் வெளிவிடாது, தன் பங்குக்குச் சிறிது சல்பேட்டையும் கொண்டு வருகிறது. அதனால் ஈரம் பூச்சுக்குப் பின்னால் அடைபட்டு, உப்பு செங்கல்லின் உள்ளேயே படிகமாயிற்று. மாமா வெளியிலிருந்து பார்த்து மகிழ்ந்த அந்த வழவழப்பான முகத்தின் பின்னால் பன்னிரண்டு ஆண்டுகள் செங்கல் மாவாகிக்கொண்டிருந்தது.

ஆக, மேஸ்திரி சொன்னதில் பாதி மெய். கிழக்குச் சுவரைப் பூசிப் பயனில்லை. மற்ற பாதியைப் பார்ப்போம்: இடித்துவிட்டுக் கம்பி கட்டிய தூணும் தளமும் போட்டால் சிக்கல் தீருமா?

கற்காரைக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் சிமெண்ட்டின் காரத்தன்மை. அந்தக் காரம் கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் காத்து நிற்கிறது. குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். பின் துரு தொடங்கும். துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும்; கற்காரை வெடித்து விழும். இதனால்தான் இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 456 நெறிமுறை, கம்பி வைத்த கற்காரை கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்கிறது. கம்பியில்லாக் கற்காரைக்கு வரம்பு 2,000. சல்பேட்டுக்கு வரம்பு 400. மாமாவின் ஆழ்துளைக் கிணற்று நீரை அளந்து பார்த்தேன். குளோரைடு 500-ஐத் தாண்டியிருந்தது. மேஸ்திரி அந்த நீரில்தான் கலவை போட்டிருப்பார், அதே நீரில்தான் நாள்தோறும் நனைத்திருப்பார். அறுபது ஆண்டு நின்ற சுவரை இடித்துவிட்டு, அதனினும் விரைவில் நோயுறும் ஒன்றைக் கடன் வாங்கிக் கட்டும் வேலை அது. சல்பேட்டு சிமெண்ட்டையே தாக்கி ஊதவைக்கும் என்பது தனிக்கதை. ஊர்ப்புறங்களில் பத்தாண்டுக்குள் தூண் வெடித்துக் கம்பி தெரியும் புதுக் கட்டடங்களைப் பார்த்து "கம்பெனிக் கம்பி சரியில்லை" என்பார்கள். கம்பியைப் பழிக்கும் முன் கலவை நீரைச் சோதித்தவரை நான் கண்டதில்லை.

கூரைக்கு வருவோம். மாமா சொன்னது சரியா என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். பனை, தென்னை, மூங்கில் இவை ஒருவித்திலை இனம்; வேம்பையும் தேக்கையும் போல நடுவில் வைரம் பாய்வதில்லை. பனையின் வலுவெல்லாம் வெளிச்சுற்றில் நெருங்கி ஓடும் கருநார்களில் இருக்கிறது, நடுப்பகுதி சோறு. நன்கு முற்றிய மரத்தின் வெளிப்பகுதியைப் பிளந்து எடுத்த கைகளில் கரையான் பல் படுவது அரிது. அந்தக் கைகள் அத்தகையவை. ஒவ்வொன்றின் இரு முனையிலும், சுவரில் அமரும் இடத்தில், மெல்லிய உளியை அழுத்திப் பார்த்தேன். முனைதான் முதலில் கெடும். அங்கேதான் சுவரின் ஈரம் மரத்தைத் தொடும். இருபத்திரண்டு கைகளில் மூன்றில் மட்டும் உளி இறங்கிற்று. மூன்றும் கிழக்குப் பக்கத்தவை. கரையானின் மண்குழாயும் அங்கேதான் ஏறியிருந்தது. ஓடுகளில் உடைந்தவை பத்தில் ஒன்று இருக்கலாம்.

மூவாயிரம் ஓட்டையும் பத்தொன்பது பனங்கையையும் இடிபாட்டோடு அள்ளிப் போடுவது மடமை. இன்று அப்படி முற்றிய பனை கிடைப்பதும் அரிது. தகரக் கூரை விலை குறைவு என்பார்கள். சித்திரை வெயிலில் தகரம் கீழே நிற்கும் மாட்டின் முதுகில் வெப்பத்தை வாரி இறைக்கும். ஓட்டின் இடுக்குகளில் சூடேறிய காற்று வெளியேறிவிடும். கலப்பினக் கறவைக்கு வெப்பம் என்பது நேரே பாலின் அளவில் தெரியும் இழப்பு.

எல்லாவற்றையும் அளந்த பிறகுதான் எனக்கே ஒன்று தோன்றிற்று. மாட்டுக்குச் சுவர் எதற்கு? கறவை ஒன்றுக்கு மூன்றரை சதுர மீட்டர் நிழலும், அதன் இரு மடங்கு திறந்த வெளியும் வேண்டும் என்பது நம் நாட்டுத் தர அளவு. நிழல் என்றுதான் சொல்கிறார்களே தவிர, அடைத்த அறை என்று எங்கும் இல்லை. பனி பெய்யும் நாட்டில் களஞ்சியமும் தொழுவமும் அடைத்த கட்டடமாக இருப்பதற்குக் காரணமுண்டு. இங்கே சுவர் காற்றைத் தடுக்கிறது, அம்மோனியாவை உள்ளே தேக்கி மாட்டின் கண்ணையும் நுரையீரலையும் எரிக்கிறது, உப்புக்கு வீடாகிறது. திருட்டுக்கு அஞ்சிச் சுவர் எழுப்பிய காலம் வேறு. மாமாவின் தந்தை முகட்டைக் கிழக்கு மேற்காக வைத்துக் கட்டியிருக்கிறார். உச்சிவெயில் உள்ளே நுழையாத, சரியான திசை. அவர் செய்த ஒரே பிழை சுவர், அதுவும் அவர் காலத்தில் பிழையன்று.

ஆகவே என் தீர்ப்பு இரண்டு பக்கத்துக்கும் பிடிக்காததாக அமைந்தது. கூரையைக் காப்பாற்றுங்கள், சுவரை விட்டுவிடுங்கள். கூரையின் சுமையைச் சுவரிலிருந்து எடுத்துக் கருங்கல் தூண்களுக்கு மாற்றுங்கள். திருப்பத்தூர், கிருட்டிணகிரிப் பக்கங்களில் பிளந்த கருங்கல்லைக் கம்பமாக நட்டுக் கொட்டாய் போடும் வழக்கம் உண்டு. செங்கல்லோடு ஒப்பிட்டால் கருங்கல்லில் துளையே இல்லை எனலாம். நீர் ஏற வழியில்லை. கம்பி இல்லாததால் துருவும் இல்லை. மேற்குச் சுவர் மட்டும் தென்மேற்குக் காற்றோடு வரும் சாரலுக்கு மறைப்பாக நிற்கட்டும். அதன் பூச்சைச் சுரண்டிச் சுண்ணாம்புக் காரை பூசினால் போதும்.

மேஸ்திரி நல்ல மனிதர். இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டுப் பிறகு தாமே திட்டம் சொன்னார். கூரைக்கு முட்டுக் கொடுத்து, ஒவ்வோர் அங்கணமாகச் சுவரை இறக்கி, அங்கங்கே தூணை நட்டு, உத்தரத்தை ஏற்றினார். முட்டுக் கொடுப்பதில் அவர் காட்டிய கவனத்தைப் பாராட்ட வேண்டும். 2021 நவம்பர் 19 அன்று பெருமழையில், இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்ததை இந்தப் பகுதியில் எவரும் மறக்கவில்லை. சுவரின் எடை அதன் தடிப்பில் நடுவிலுள்ள மூன்றில் ஒரு பங்குக்குள் இறங்கும்வரை சுவர் நிற்கும். அடி அரித்து அந்தக் கோடு வெளியே நழுவினால் ஒரு பக்கம் இழுவிசை தோன்றும். இழுவிசையைச் செங்கற்கட்டு தாங்காது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துச் சுவர் சாய்ந்திருந்தாலோ, அடியில் மூன்றில் ஒரு பங்கு தடிப்பு போயிருந்தாலோ, மழைக்கு முன் மாட்டையும் மனிதரையும் வெளியேற்றிவிட வேண்டும். புதுக்குவதா கட்டுவதா என்ற பேச்சு அதன்பிறகு.

தரை மட்டும் புதிதாகக் கட்டப்பட்டது. அதற்கான கலவைக்கு ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடவில்லை. ஆடி மழையில் ஓட்டுக்கூரையிலிருந்து இறங்கிய நீரைத் தொட்டியில் பிடித்து வைத்துப் பயன்படுத்தினோம். சிறுநீர் தேங்காமல் ஓட நாற்பதுக்கு ஒன்று என்னும் சரிவு. தூண்களின் அடியிலும் மேற்குச் சுவரின் ஓரத்திலும் ஓர் அடி அகலத்துக்குச் சல்லி நிரப்பிய வாய்க்கால். சிவலைக்கு உப்புக்கட்டி ஒன்று வாங்கித் தொங்கவிட்டோம். நைட்ரேட்டு நிறைந்த சுவரை நக்குவது மாட்டின் குருதிக்கே நஞ்சாகும் என்று சொன்னபோதுதான் அத்தை என் பக்கம் வந்தார்.

எல்லாத் தொழுவத்துக்கும் இதே விடை பொருந்தாது. கூரையும் உளுத்து, சுவரும் அரித்திருந்தால் இடிக்கத்தான் வேண்டும். கூரை போய்ச் சுவர் நல்லதாக இருந்தால் கணக்கு வேறு. ஆலைப் பகுதிக்கு அப்பால், நல்ல நீர் உள்ள ஊரில், கம்பிக் கட்டடமும் நெடுநாள் நிற்கும். இந்த நிலத்தில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். இடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் கிணற்று நீரில் ஒரு லிட்டரைத் தூய குப்பியில் பிடித்து, நீர்ப் பரிசோதனை ஆய்வகம் ஒன்றில் கொடுத்து, குளோரைடும் சல்பேட்டும் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மேஸ்திரியை மறுநாள் அழைக்கலாம்.